அடுத்த அறையில் ஒரு வகுப்பு

தொழில்நுட்பக் குழுக்கள் கூடும் இடங்களில், உரைகளிலிருந்து பிரித்துத் தனியாகச் சீட்டு விற்று நடத்தப்படும் பாடம்தான் கட்டணப் பயிற்சி வகுப்பு. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மணி நேரம் நடக்கும். ஒரு நிரல்மொழியையோ இயங்குதளத்தையோ நம்பித் தொழில் செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு கூட்டுவார்கள். அதற்கு ஓரிரு நாள் முன்பு, அதே கட்டடத்தின் சிறிய அறைகளில் இந்த வகுப்புகள் நடக்கும். மாநாட்டு மேடையில் பேசுபவருக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. சில மாநாடுகளில் அவரும் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சிறிய அறையில் பாடம் நடத்துபவருக்கோ சன்மானம் உண்டு. ஒரே குழுவில், ஒரே கூரையின் கீழ் இந்த இரண்டு வழக்கங்களும் அருகருகே இருக்கின்றன.

இவற்றை ஆங்கிலத்தில் டுடோரியல் என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் பத்தாம் வகுப்பில் தவறியவர்களைத் தேற்றிவிடும் டுடோரியல் காலேஜ்தான் நினைவுக்கு வரும். இங்கே பொருள் வேறு. ஏற்கெனவே வேலையில் இருப்பவர், தன்னைவிட ஆழமாக அந்தக் கருவியைக் கையாள்பவரிடம் அரை நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான் இது. சங்கீத உலகின் மொழியில் சொன்னால், உரை கேட்பதால் கிடைப்பது கேள்வி ஞானம்; வகுப்பில் கிடைப்பது கைப்பழக்கம். முன்னதை ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குக் கொடுத்துவிடலாம். பின்னதை முப்பது, நாற்பது பேருக்கு மேல் கொடுக்க முடியாது. விலை என்ற பேச்சு தொடங்குவது இந்த எண்ணிக்கையில்தான்.

யாரும் சொல்லித்தராத இயங்குதளம்

இந்த ஏற்பாட்டின் வேர் யூனிக்ஸ் இயங்குதளத்தின் பயனர்களிடம் இருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகம் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. அமெரிக்க அரசுடன் 1956-இல் செய்துகொண்ட ஏகபோகத் தடை உடன்பாட்டின்படி, அந்த நிறுவனம் தொலைத்தொடர்பைத் தாண்டி வேறு வணிகத்தில் இறங்கக் கூடாது. அதனால் 1970-களில் பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸ் உரிமம் கொடுத்தபோதே, விளம்பரம் கிடையாது, பழுது பார்த்துத் தருவது கிடையாது, உதவி கேட்டால் பதில் கிடையாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. யூனிக்ஸைப் பதிந்த காந்த நாடா வரும், அதோடு உறவு முடிந்தது.

விற்றவர் சொல்லித்தராத இடத்தில் வாங்கியவர்களே ஒருவருக்கொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. 1974 மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் யூனிக்ஸ் பயனர்கள் முதன்முறையாகக் கூடியபோது வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு டஜன் பேர். எல்லாரும் எல்லாருக்கும் ஆசிரியர்கள். கட்டணம் என்ற எண்ணமே எழ வாய்ப்பில்லாத கூட்டம் அது. அந்தக் குழுதான் பின்னர் யூஸ்னிக்ஸ் சங்கமாக வளர்ந்தது.

1984-இல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டது. வணிகத் தடை நீங்கியதும் யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களைத் தாண்டி அலுவலகங்களுக்குள் பரவியது. கணினிக் கூடத்தைக் கட்டிக்காக்கும் ‘சிஸ்டம் அட்மின்’ என்ற வேலை பிறந்தது. அதற்குப் படிப்போ பாடநூலோ இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஈவி நெமத் தன் சகாக்களோடு எழுதிய யூனிக்ஸ் நிர்வாகக் கையேடு 1989-இல்தான் வெளிவந்தது. அந்த இடைவெளியை யூஸ்னிக்ஸ் மாநாடுகளையொட்டி நடந்த வகுப்புகள் நிரப்பின. நெமத்தும் அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர். யூனிக்ஸின் பெர்க்லி வடிவமான பிஎஸ்டியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிர்க் மெக்குசிக், இயங்குதளக் கருவின் உட்பகுதியை வகுப்பெடுத்தார். நிர்வாகிகளுக்கென்று 1987-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ‘லீசா’ கூட்டத்துக்குப் பல ஊழியர்களை அலுவலகமே செலவு செய்து அனுப்பியதற்கு இந்த வகுப்புகள் முக்கியக் காரணம். மேலாளரிடம் போய் ‘கூட்டத்துக்குப் போகிறேன்’ என்றால் அனுமதி கிடைப்பது கடினம். ‘பயிற்சிக்குப் போகிறேன்’ என்றால் எளிது. அலுவலகங்களில் பயணத்துக்கு ஒரு தலைப்பு, பயிற்சிக்கு வேறு தலைப்பு என்று நிதி ஒதுக்குவார்கள். வகுப்புச் சீட்டு அந்த இரண்டாவது பையைத் திறந்தது.

இப்படி வந்த பணம் சங்கத்தின் மற்ற காரியங்களுக்கும் துணை நின்றது. மாணவர்களுக்கு மாநாட்டு உதவித்தொகை கொடுப்பது, ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடுவது போன்றவை லாபம் தராதவை. 2008 முதல் யூஸ்னிக்ஸ் தன் மாநாட்டுக் கட்டுரைகள் அனைத்தையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கத் திறந்துவிட்டது. ஓர் அறையில் வாங்கிய காசு இன்னோர் அறையின் கதவைத் திறந்து வைக்க உதவுவது இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பயன்.

விலை ஏறியபோது எழுந்த மறுப்பு

இதன் மறுபக்கத்தைப் பெர்ல் நிரல்மொழிக்காரர்கள் பார்த்தார்கள். ஓரெய்லி பதிப்பகம் 1997-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் முதல் பெர்ல் மாநாட்டை நடத்தியது. முதலில் பயிற்சி வகுப்புகள், பிறகு உரைகள், நட்சத்திர விடுதி, அதற்கேற்ற கட்டணம். நிறுவனங்கள் அனுப்பியவர்களுக்கு அது சுமையாக இல்லை. மாணவர்களும் சொந்தக் காசில் வரவேண்டியவர்களும் வெளியே நின்றார்கள். பெர்லை வளர்த்ததில் அவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதால் மனக்குறை இயல்பாகவே எழுந்தது.

1999-இல் கெவின் லென்சோ பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாற்றாக ஒரு கூட்டத்தை நடத்தினார். ‘இன்னுமொரு பெர்ல் மாநாடு’ என்ற பொருள்படும் யாப்சி என்பது அதன் பெயர். கல்லூரி வகுப்பறைகள், எளிய சாப்பாடு, மாணவரின் கைக்கு எட்டும் கட்டணம். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. பின்னாளில் யாப்சி கூட்டங்களையொட்டியும் தனிக்கட்டண வகுப்புகள் வந்தன. ஆனால் வரிசை மாறியிருந்தது. ஓரெய்லியின் மாநாட்டில் வகுப்பும் உரையும் சேர்ந்தே விலையுயர்ந்த நிகழ்வாக இருந்தன. யாப்சியில் கூட்டம் தன் காலிலேயே நின்றது. வகுப்பு பக்கத்தில் வைத்த கடை. வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் கடந்து போகலாம்.

இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. வகுப்பு வருமானத்தில் கூட்டம் வசதியாக நடப்பது நல்லது. வகுப்பு வருமானம் இல்லாவிட்டால் கூட்டமே நடக்காது என்ற நிலைக்குப் போவது ஆபத்து. ஓரெய்லியின் மாநாடு பின்னர் ஓஸ்கான் என்ற பெரிய நிகழ்வாக வளர்ந்து இருபது ஆண்டுகள் நடந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது அந்த நிறுவனம் நேரடி மாநாட்டுத் தொழிலையே கைவிட்டதும் ஓஸ்கானும் அதோடு முடிந்தது. முதலாளி கடையை மூடினால் அதை நம்பியிருந்த கூட்டமும் கலைந்துவிடும்.

பைகானின் அமைப்பு

இன்று பல குழுக்கள் பின்பற்றும் வடிவத்தை அமெரிக்கப் பைகான் மாநாட்டில் தெளிவாகப் பார்க்கலாம். பைத்தான் மொழிக்கான இந்த மாநாடு 2003-இல் வாஷிங்டனில் தொடங்கியது. நடத்துவது 2001-இல் உருவான பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை. முதல் இரண்டு நாள் வகுப்புகள், அடுத்த மூன்று நாள் உரைகள், அதன்பின் சில நாள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து நிரல் எழுதும் ஸ்பிரின்ட். வகுப்பு காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மாநாட்டுப் பதிவு வேறு, வகுப்புச் சீட்டு வேறு. ஸ்பிரின்டுக்குக் கட்டணம் இல்லை.

பணம் எங்கே வாங்குகிறார்கள், எங்கே வாங்குவதில்லை என்று பார்த்தால் ஒரு சீரான எண்ணம் தெரியும். ஸ்பிரின்டில் வருபவர் மொழிக்கு உழைக்கிறார். அவரிடம் காசு கேட்பது முறையல்ல. உரை நாட்களில் எல்லாரும் சரிசமம். அமைப்பாளர் முதல் பேச்சாளர் வரை எல்லாரும் பதிவுக் கட்டணம் கட்டுவது பைகானின் நெடுநாள் வழக்கமாக இருந்திருக்கிறது, வசதியில்லாதவருக்கு நிதியுதவி தனியாக உண்டு. வகுப்பில் மட்டும் ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் பெறுகிறார். அங்கே மட்டும்தான் கற்றுத்தருபவருக்குப் பணம் போகிறது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் டான் லாங்கில் 2004-இல் தொடங்கிய பிஎஸ்டிகேன் மாநாடும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்காக அவரே 2007-இல் தொடங்கிய பிஜிகான் மாநாடும் இதே அமைப்பில் இரண்டு நாள் வகுப்பு, இரண்டு நாள் உரை என்று நடந்தன. ஆசிய பசிபிக் பகுதியின் இணைய வலையமைப்புப் பொறியாளர்களுக்காக 1996-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஏப்ரிகாட் கூட்டத்தில் பயிலரங்கு ஐந்து நாள் நீளும். ரூட்டர்களை இணைத்து, வழித்தடங்களை அமைத்து, வேண்டுமென்றே உடைத்து, மறுபடி சரிசெய்து பார்ப்பதை மூன்று மணி நேரத்தில் அடக்க முடியாது.

வகுப்பே நடத்தினாலும் தனிக்காசு வாங்காத குழுக்களும் உண்டு. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப், தன் கூட்டம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமையில் புதியவர்களுக்குப் பாடம் நடத்தி வந்திருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குத் தனிக்கட்டணம் இல்லை. காரணம் எளிது. மறுநாள் பணிக்குழுக்களில் அந்தப் புதியவர்கள் வேலை செய்யப் போகிறார்கள். அவர்கள் சரியாகக் கற்றால் லாபம் குழுவுக்கு. கற்றதை எடுத்துக்கொண்டு தன் அலுவலகத்துக்குத் திரும்புபவரிடம் காசு வாங்கலாம். குழுவின் வேலைக்கே வருபவரிடம் வாங்கக் கூடாது. எங்கே கட்டணம் வைக்கலாம் என்று தடுமாறும் எந்தக் குழுவுக்கும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

அறைக்குள் நடப்பது

2008-இல் சிகாகோவில் நடந்த பைகானில் டேவிட் பீஸ்லி எடுத்த வகுப்பு, இந்த வகுப்புகளில் என்ன விற்கப்படுகிறது என்பதற்கு நல்ல சான்று. தலைப்பு, ஜெனரேட்டர் என்ற பைத்தான் உத்தியை அமைப்புப் பணிகளுக்குப் பயன்படுத்துவது. அவர் இலக்கணத்தை விளக்கிவிட்டு நிற்கவில்லை. ஓர் இணையதளத்தின் லாக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டார். பார்வையாளர் ஒவ்வொரு முறை ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும் அந்தக் கோப்பில் ஒரு வரி சேரும். வரியின் கடைசியில் எத்தனை பைட் அனுப்பப்பட்டது என்ற எண் இருக்கும். அந்தக் கடைசி எண்களையெல்லாம் கூட்ட வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

உட்கார்ந்து செய்து பார்ப்பவர் சில நிமிடங்களில் ஒரு கல்லில் தடுக்குவார். சில வரிகளின் கடைசியில் எண் இருக்காது. வெறும் ஒரு சிறு கோடு இருக்கும். எதுவும் அனுப்பப்படவில்லை என்பதற்கான குறி அது. நிரல் அதை எண்ணாக மாற்றப் பார்த்து அங்கேயே நின்றுவிடும். கோடு என்றால் தாண்டிப் போ என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் ஓடும். நாற்பது நிமிட உரையில் பேச்சாளர் இதை ஒரு நொடியில் சொல்லிவிட்டுப் போவார்; கேட்பவர் தலையாட்டுவார்; மறுவாரம் அலுவலகத்தில் அதே கல்லில் தடுக்குவார். வகுப்பில் அவர் விரலே அதில் இடறுகிறது. அந்த இடறல் மறக்காது.

அடுத்த படியில்தான் பாடத்தின் உயிர் இருந்தது. கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், வரியைப் படிக்கும் துண்டு, கடைசி எண்ணைப் பிரிக்கும் துண்டு, கோட்டைத் தள்ளும் துண்டு, கூட்டும் துண்டு என்று சிறுசிறு துண்டுகளாகக் கோத்து, ஒவ்வொரு வரியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறிப் போகும்படி செய்வது. மாடிக்குக் கான்கிரீட் போடும் நாளில் கலவைச் சட்டி கீழேயிருந்து மேலே கைமாறிக் கைமாறிப் போவதுபோல. எவர் கையிலும் ஒரு சட்டிக்கு மேல் தங்காது. ஆனால் மாலைக்குள் தளம் முழுவதும் நிரம்பிவிடும். பீஸ்லி 2009-இலும் 2014-இலும் இதன் தொடர்ச்சியாக இன்னும் இரண்டு பைகான் வகுப்புகள் எடுத்தார். மூன்றின் குறிப்புகளையும் தன் தளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்.

காசு கொடுத்து உட்கார்ந்தவர்களின் பாடக்குறிப்பு ஊருக்கே இலவசமாகக் கிடைத்தும் வகுப்புக்கான மதிப்பு குறையவில்லை. பைகான் தன் வகுப்புகளைக் காணொளியாகப் பதிவுசெய்து பொதுவில் வெளியிடவும் செய்கிறது. தகவல் மட்டும் வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். சீட்டு வாங்கியவர் வாங்குவது வேறு: தன் திரையில் சிவப்பாகப் பிழைச் செய்தி வந்து நிற்கும்போது, எழுந்து பக்கத்தில் வந்து நின்று பார்க்கும் ஓர் ஆளை.

ஆனால் நாற்பது பேர் அறையில் யாருக்கு அந்த ஆள் தேவை என்று எப்படித் தெரியும்? விஞ்ஞானிகளுக்கு நிரல் கற்றுத்தர 1998-இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ வகுப்புகளில் ஓர் எளிய வழி நிலைத்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் கொடுப்பார்கள். பயிற்சியை முடித்தவர் ஒரு நிறத்தை மடிக்கணினியின் மூடியில் ஒட்டுவார். சிக்கிக்கொண்டவர் மற்ற நிறத்தை. கையைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்ய முடியாது. பலர் முன்னால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கூச்சம் வேறு. ஒட்டுத்தாள் இரண்டையும் தீர்த்துவிடுகிறது. அறையில் ஒருமுறை கண்ணை ஓட்டினால் ஆசிரியருக்கு வேகத்தைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்று தெரிந்துவிடும்.

மற்றபடி அறையின் வெற்றி தோல்வியைச் சில்லறைச் சங்கதிகளே முடிவு செய்கின்றன. நாற்காலி மட்டும் போதாது, மேசை வேண்டும். வரிசைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும். நாற்பது பேரும் ஒரே நொடியில் பெரிய கோப்பை இறக்கத் தொடங்கினால் எந்த வைஃபையும் படுத்துவிடும். அதனால் மென்பொருளை முன்கூட்டியே நிறுவிக்கொண்டு வரச் சொல்லி ஒரு வாரத்துக்கு முன்பே கடிதம் போக வேண்டும். படிக்காமல் வருபவர் இருந்தே தீருவார். அவருக்காக நாலைந்து பென் டிரைவ்களில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பது அனுபவசாலியின் அடையாளம். இல்லாவிட்டால் மூன்று மணி நேர வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் நிறுவலிலேயே கரையும். சரியாகத் தயாராகி வந்தவர்கள்தான் அந்த நேரத்தை இழப்பார்கள்.

வரவும் செலவும்

பணக்கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நகரக் குழு அரை நாள் வகுப்புக்குத் தலைக்கு 1,500 ரூபாய் வைக்கிறது. ஆன்லைனில் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு இரண்டு விழுக்காடாக 30 ரூபாய் போகும். சாப்பாடு, தேநீருக்கு 350 ரூபாய். ஆக ஒவ்வொருவரிடமிருந்தும் மிஞ்சுவது 1,120 ரூபாய். அறை வாடகை 6,000, ஆசிரியரின் சன்மானம் 15,000, ஆசிரியரும் இரண்டு உதவியாளர்களும் சாப்பிட 1,050. மொத்தம் 22,050 ரூபாய் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் செலவு. இருபத்தைந்து பேர் வந்தால் குழுவுக்கு 5,950 ரூபாய் நிற்கும். இருபது பேர் என்றால் 350 ரூபாய். பன்னிரண்டு பேரே வந்தால் 8,610 ரூபாய் கையைக் கடிக்கும்.

எனவே இந்தத் தேதிக்குள் இத்தனை பேர் பதிவு செய்யாவிட்டால் வகுப்பு ரத்து, பணம் திரும்பத் தரப்படும் என்ற விதி இல்லாத குழு சீக்கிரமே கடனாளியாகும். பெரிய மாநாடுகளும் சீட்டு விற்காத வகுப்புகளை ரத்து செய்கின்றன. ரத்து செய்யும் தேதி, ஆசிரியர் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னால் வர வேண்டும். இதை மறந்துவிட்டு நட்பை இழந்த குழுக்கள் உண்டு.

ஆசிரியருக்கு நிலையான தொகையா, வருமானத்தில் பங்கா என்பது அடுத்த கேள்வி. பங்கு என்றால் குழுவுக்கு நட்டபயம் இல்லை. ஆனால் கூட்டம் சேரும் எளிய தலைப்புகளையே ஆசிரியர்கள் நாடுவார்கள்; தொடக்கநிலைப் பாடம் பெருகி, பதினைந்து பேருக்கு மட்டும் தேவையான ஆழமான பாடம் அற்றுப்போகும். நிலையான தொகை கொடுத்தால், நிரம்பி வழியும் வகுப்பின் உபரி, ஆள் குறைந்த அருமையான வகுப்பைத் தாங்கும். குழு என்ற ஒன்று இருப்பதற்கு அர்த்தமே இப்படித் தாங்குவதில்தான் இருக்கிறது. நிலையான தொகையே நல்லது.

இந்தியாவில் வரிக் கணக்கும் சேரும். பயிற்சி வகுப்புக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. சேவை அளிப்பவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஆசிரியரின் சன்மானம் ஆண்டு வரம்பைத் தாண்டினால் 10 விழுக்காடு வரி பிடித்தம் செய்துதான் கொடுக்க வேண்டும். பொதுப்பயன் நோக்கத்துக்காக வருமான வரி விலக்குப் பெற்ற அமைப்பு, கட்டணம் வாங்கிச் செய்யும் காரியங்களின் வரவை மொத்த வரவில் 20 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பதிவே செய்யாத நண்பர் குழுவில் எவரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போகிறது. வரி அவர் தலையில் விழுகிறது. நல்ல மனத்தோடு கணக்கைக் கொடுத்தவர் இரண்டு ஆண்டு கழித்து நோட்டீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது வருத்தமான காட்சி.

உரையா, முன்னோட்டமா

காசு நுழையும்போது கூடவே நுழையும் கேடுகளில் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இலவசக் கூட்டத்தில் பேசுபவர், விஷயத்தின் மையம் வரும்போது சட்டென்று நிறுத்தி, ‘இதை நாளைய வகுப்பில் விரிவாகப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுவார். ஒருமுறை என்றால் பரவாயில்லை. பழக்கமாகிவிட்டால் கூட்டமே வகுப்புக்கான முன்னோட்டமாகச் சுருங்கிவிடும். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வது என்ற ஒற்றை வழக்கத்தின் மேல்தான் இந்தக் குழுக்கள் எழுந்தன. யூனிக்ஸ்காரர்கள் 1974-இல் கூடியதே அதற்காகத்தான். எனவே ஒரே நபர் உரையும் வகுப்பும் எடுத்தால், உரை தன்னளவில் முழுமையானதா என்று தேர்வுக்குழு கறாராகப் பார்க்க வேண்டும்.

தேர்வுக்குழுவில் இருப்பவரே தன் வகுப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது இன்னொரு கேடு. அவர் உண்மையிலேயே ஊரில் சிறந்த ஆசிரியராக இருக்கக்கூடும். சிறிய குழுக்களில் அடிக்கடி அப்படித்தான் அமையும். அப்போதும் அந்த முடிவு எடுக்கும் நேரத்தில் அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். சன்மானத் தொகை எல்லாருக்கும் தெரியும்படி அறிவிக்கப்பட வேண்டும். பயிற்சி நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்துக்காக ஆள் அனுப்பிப் பாடம் நடத்த முன்வருவதும் உண்டு. அங்கே கற்பவர் காசும் கொடுத்து விளம்பரமும் கேட்கிறார்.

வகுப்பெடுப்பவருக்குப் பணம், மூன்று மாதம் ஓடியாடி மண்டபம் பிடித்தவருக்கு நன்றி மட்டும் என்பது தன்னார்வலர்களை உறுத்தும். உறுத்தல் நியாயமானதே. வகுப்பெடுப்பவர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் இதற்குச் சொல்லக்கூடிய உருப்படியான பதில். பாடத்திட்டத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார். அதன்படி நடத்தாவிட்டால் கற்றவர் குறை சொல்லலாம், காசைத் திரும்பக் கேட்கலாம். உரை சுமாராக இருந்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. பணம் வாங்குவதால் வரும் இந்தப் பொறுப்பு பாடத்தின் தரத்தைத் தூக்குகிறது.

வாசலில் நிற்பவர்கள்

1,500 ரூபாய் ஒருவருக்கு ஒரு வேளை ஓட்டல் செலவு. இன்னொருவருக்கு ஒரு மாத விடுதிச் சாப்பாடு. வகுப்புக்குக் கட்டணம் வைக்கும் குழு அந்த இரண்டாமவரை நினைத்தே தீர வேண்டும். பத்து இருக்கைக்கு ஒன்று என்று கணக்கு வைத்து மாணவருக்கு ஒதுக்கலாம். ஒட்டுத்தாள் பார்த்து ஓடி உதவும் வேலையைக் கொடுத்து உள்ளே அழைத்துக்கொள்ளலாம். அப்படி உதவியாளராக வருபவர் பெரும்பாலும் கற்பவரைவிட அதிகம் கற்றுக்கொண்டு போகிறார். யாருக்குச் சலுகை என்பது வரவேற்பு மேசையில் தெரியவே கூடாது. எல்லாருக்கும் ஒரே நிற அட்டை.

சென்னையில் கூடுவதற்குக் காசு வாங்காத மரபு நீண்டது. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி வந்திருக்கிறது. சென்னை பைத்தான் குழுவின் மாதக் கூட்டங்கள் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் நடந்திருக்கின்றன. காஞ்சிபுரம் லினக்ஸ் குழு வாரந்தோறும் கூடித் தமிழிலேயே பேசுகிறது. கட்டண வகுப்பு இந்த நாட்டுக்குப் புதிதல்ல: 2009-இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியா, பயிலரங்குகளுக்குத் தனிச் சீட்டு விற்றிருக்கிறது. 2019-இல் அந்த மாநாடு சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. பெங்களூரின் ஹாஸ்கீக் நிறுவனம் தன் மாநாடுகளையொட்டிப் பயிலரங்குகளைத் தனியாக விற்றுவந்தது. மாதக் கூட்டம் இலவசமாகவே இருக்க, ஆண்டு மாநாட்டையொட்டி மட்டும் வகுப்புக்குக் காசு என்ற பாகுபாடு இங்கேயும் தானாகவே அமைந்திருக்கிறது.

வகுப்பு முடிந்த பிறகு

வகுப்பு முடிந்தபின் பாடக்குறிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும். காப்புரிமை ஆசிரியரிடம், வெளியிடும் அனுமதி குழுவுக்கு என்பது பரவலான ஏற்பாடு. ஆசிரியரிடம் உரிமை இருந்தால் குறிப்பு வளரும். நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் குழுவுக்காகப் பீட்டர் ஹான்ஸ்டீன் 2005 ஜனவரியில் ஓர் உரை தயாரித்தார். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் வலைப் போக்குவரத்தை வடிகட்டும் பிஎஃப் என்ற கருவியைப் பற்றியது அது. உரை கையேடாக நீண்டது. கையேடு பிஎஸ்டி மாநாடுகளில் அரை நாள் கட்டண வகுப்பாயிற்று. ஒவ்வொரு அறையிலும் யாரோ கேட்ட கேள்விக்கு அடுத்த முறை ஒரு பக்கம் கூடியது. 2007 இறுதியில் அது ‘தி புக் ஆஃப் பிஎஃப்’ என்ற நூலாக வந்தது. 2010-இலும் 2014-இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. நூல் வந்த பிறகும் வகுப்பு நிற்கவில்லை. கருவி மாற மாற, குறிப்பைத் திருத்திக்கொண்டு அவர் ஒட்டாவாவிலும் ஐரோப்பிய நகரங்களிலும் தொடர்ந்து பாடம் நடத்தினார்.